ஆளா, கருவியா, கடல் மேல் ஒரு கண்ணா: விண்வெளிப் பணம் முதலில் எதற்கு?

விண்வெளிக்குச் செலவு செய்யலாமா என்று யாராவது கேட்டால், விண்வெளியில் எதற்கு என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இந்திய விண்வெளித் துறைக்கு ஆண்டுக்குச் சுமார் 13,000 கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். மத்திய பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்கு முப்பது காசுகூட வராது. இதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி கட்டலாமே என்பவர்களின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் புயல் வரும் திசை தெரியாத கரையில் அந்த ஆஸ்பத்திரியும் சேர்ந்துதான் மூழ்கும். அதனால் செலவு வேண்டுமா என்ற கேள்வியில் நான் நெடுநேரம் நிற்கப்போவதில்லை. மனிதனை அனுப்புவதா, ஆளில்லாக் கலத்தை அனுப்புவதா, மேலிருந்து பூமியைப் பார்ப்பதா என்ற கேள்வியில்தான் உண்மையான போட்டி இருக்கிறது.

முதலில் மனிதனை அனுப்புவது. ககன்யான் திட்டத்துக்கு 2018-ல் ஒப்புதல் கிடைத்தபோது பேச்சு பத்தாயிரம் கோடியைச் சுற்றி இருந்தது. 2024 செப்டம்பரில், இந்தியா அமைக்கவிருக்கும் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து 20,193 கோடி என்று ஆனது. இதில் பெரிய லாபம் தொழில்நுட்பம். ஆள் ஏறத் தகுந்த ராக்கெட், உள்ளே மூச்சுவிடும் காற்று, ஏதாவது தவறினால் வீரர்களை மட்டும் பிய்த்துக்கொண்டு பறக்கும் தப்பிக்கும் அமைப்பு என எல்லாவற்றையும் நாமே கற்றாக வேண்டும். இதற்கான எஞ்சின்களை நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் நிமிடக்கணக்கில் எரியவிட்டுச் சோதிக்கிறார்கள். சுபான்ஷு சுக்லா 2025-ல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்ததும் நாட்டுக்குப் பெருமைதான். இவற்றைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது ஆளில்லாக் கலங்கள். சந்திரயான்-1-க்கு ஆன செலவு சுமார் 386 கோடி. நிலவில் நீர் மூலக்கூறு இருப்பதை உறுதிசெய்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மங்கள்யான் 450 கோடியில் செவ்வாயைச் சுற்றியது. 2019-ல் சந்திரயான்-2-இன் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. அந்த இரவு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அமைதி இன்னும் நினைவிருக்கும். ஆனால் அதில் யாரும் சாகவில்லை. என்ன தவறு என்று பிரித்துப் பார்த்தார்கள். அடுத்த லேண்டரின் கால்களை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். அரை கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் தலைமையிலான குழு சந்திரயான்-3-ஐ மெல்ல இறக்கிக் காட்டியது. செலவு சுமார் 615 கோடி.

கருவி தோற்றால் நாலு வருஷத்தில் திரும்ப முயலலாம். மனிதன் உள்ளே இருந்தால் ஒரு தடவைகூடத் தோற்க முடியாது, அதற்கான விலைதான் அந்த இருபதாயிரம் கோடி. ஆள் போனால்தான் மக்களுக்கு ஆர்வம் வரும் என்பார்கள். சந்திரயான்-3 இறங்கியதை யூடியூப்பில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் ஆள் யாரும் இல்லை.

சரி, மூன்றாவதுக்கு, மேலிருந்து பூமியைப் பார்ப்பதற்கு வருவோம். என் மனம் நிற்பது இங்கேதான்.

1999-ல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-ல் அதே மாநிலத்துக்கு பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்னதாகவே அப்புறப்படுத்தினார்கள். பலி சில பத்துகளோடு நின்றது. 1999-லும் மேலே செயற்கைக்கோள் இருந்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கணிப்பு கூர்மையானது, கரையோரம் புகலிடங்கள் எழுந்தன, கடைசி ஊர் வரை தகவல் போனது. கண் மேலே இருந்தால் மட்டும் போதாது, கண் பார்த்தது காதுக்கும் வந்து சேர வேண்டும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அதைத்தான் காட்டியது. குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையில் எச்சரிக்கை ஒலித்தபோது அவர்கள் வெகுதொலைவில் இருந்தார்கள். படகிலிருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. வானத்திலிருந்து பார்க்க முடிந்த புயலை, அதற்குள் நின்றவருக்குச் சொல்ல வழியில்லை. அந்த ஒரு மாவட்டத்திலிருந்தே நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

இன்று அதற்கு விடை இருக்கிறது. படகில் பொருத்தும் ஒரு சின்னப் பெட்டி, டிரான்ஸ்பாண்டர். ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாகப் பேசும், ப்ளூடூத்தில் போனோடு இணையும். செல்போன் டவர் எட்டாத கடலிலும் புயல் செய்தி தாய்மொழியில் வரும், ஆபத்தென்றால் படகிலிருந்து கரைக்கும் செய்தி அனுப்பலாம். ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்த 2024-ல் தொடங்கிய திட்டத்தின் மதிப்பு 364 கோடி. ககன்யானுக்கான தொகையில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

நிலவிலும் கோள்களிலும், ஆளை அனுப்புவதிலும் பணக்கார நாடுகளோடு போட்டியிடும் ஆசை நமக்கில்லை என்று இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை விக்ரம் சாராபாய் அன்றே சொல்லியிருந்தார். நிலவு விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகமாட்டேன், குறைந்த செலவில் அவ்வளவு அறிவைச் சந்திரயான்கள் தந்துவிட்டன. அவற்றுக்கு இரண்டாம் இடம். ககன்யானைப் பாதியில் கைவிடச் சொல்லவில்லை, ஆனால் அது கடைசி வரிசையில் நிதானமாக வரட்டும். முதல் இடம் அந்தச் சின்னப் பெட்டிக்கும், அதற்கு மேலே இருப்பவற்றுக்கும்.

மேலே இருப்பதன் நிலையைச் சொல்லியாக வேண்டும். ஜிசாட்-6 விண்ணுக்குப் போனது 2015 ஆகஸ்டில். அதற்கு வகுத்த ஆயுள் ஒன்பது ஆண்டு, அது 2024-லேயே முடிந்துவிட்டது. துணைக்கென 2018 மார்ச்சில் அனுப்பிய ஜிசாட்-6ஏ சில நாட்களிலேயே தொடர்பற்றுப் போனது. அடுத்த வரவுசெலவுக் கணக்கில் விண்வெளிக்கு ஒரு ரூபாய் கூடுதலாகப் போட்டால், அது முதலில் இந்த இடத்தை நிரப்பப் போகட்டும்.