தருக்கத்தில் தொடங்கும் ஸ்டோயிக் பாடம்

பண்டைய கிரேக்கத்தில் பிறந்த ஸ்டோயிக் தத்துவத்தைக் கற்றுத்தருகிறோம் என்று சொல்லும் செயலிகளும் வகுப்புகளும் இப்போது நிறைய வந்துவிட்டன. பெரும்பாலானவை காலையில் ஒரு வரியை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ரோமானிய ஸ்டோயிக்குகளான மார்கஸ் அவுரேலியஸின் வரி ஒரு நாள், செனெக்காவின் வரி மறுநாள். வரி நன்றாகத்தான் இருக்கும். அது ஏன் உண்மை, அதை மறுப்பவருக்கு என்ன பதில் என்று கேட்டால் கையை விரிப்பார்கள். நான் அண்மையில் கேட்டு முடித்த ஓர் இணையவழி ஒலிப்பாடத் தொடர் தருக்கத்தில் தொடங்குகிறது, அப்புறம் புலனறிவு, கடைசியில்தான் ஒழுக்கம். அந்த வரிசைக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

இந்த வரிசையை ஆசிரியர் தாமாகப் போடவும் இல்லை. ஸ்டோயிக்குகள் தங்கள் தத்துவத்தை ஒரு தோட்டமாகச் சொன்னார்கள்: சுற்றுச்சுவர் தருக்கம், மண்ணோ மரமோ இயற்கையியல், பழம் ஒழுக்கம். சுவர் இல்லாத தோட்டத்துப் பழம் யார் கைக்குப் போகும் என்பது தெரிந்ததுதானே. ஸ்டோயிக் பள்ளியைத் தொடங்கிய சிட்டியம் ஊர் ஸீனோ கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸின் ஓவியத் தூண்மண்டபத்தில் பேசத் தொடங்கியது, அதற்கு முன் அவர் கப்பல் கவிழ்ந்தது எல்லாம் முதல் பாடத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. அதுவும் எனக்குப் பிடித்தது. அந்தக் கப்பல் கதையை வைத்தே பாதி வகுப்பை ஓட்டுபவர்களைக் கேட்டிருக்கிறேன்.

தருக்கப் பகுதிதான் தொடரின் உயிர். அரிஸ்டாட்டில் "எல்லா மனிதரும் இறப்பவர்" என்பது போல வகைகளை ஒன்றோடொன்று கோத்தார். ஸ்டோயிக் பள்ளியின் மூன்றாம் தலைவரான கிரைசிப்பஸ் முழு வாக்கியங்களை எடுத்துக் கோத்தார். அவருக்கு நிரூபணம் தேவைப்படாத அடிப்படை வடிவங்கள் 5. பகலானால் வெளிச்சம் இருக்கும்; பகல்; ஆகவே வெளிச்சம். இது முதலாவது. பகலானால் வெளிச்சம் இருக்கும், வெளிச்சம் இல்லை, ஆகவே பகல் இல்லை. இது இரண்டாவது. மூன்றாவது "இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது" என்பதில் தொடங்குகிறது. மற்ற இரண்டும் "இது அல்லது அது" என்பதில். ஆசிரியர் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே அதைப் போலத் தோன்றும் ஒரு தவறான வாதத்தையும் வைக்கிறார். "வெளிச்சம் இருக்கிறது, ஆகவே பகல்" என்பது காதுக்குச் சரியாகவே படும். விளக்கு எரிகிறது என்று அவர் சொல்லும் வரை.

ஐந்தாவது வடிவத்துக்கு வரும் நாய் கதை, எதையும் ஐயப்படும் தத்துவவாதியான செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் நமக்கு விட்டுச்சென்றது. இரையைத் துரத்தி வந்த வேட்டைநாய் மூன்று வழி பிரியும் இடத்தில் நிற்கிறது. முதல் வழியை முகர்கிறது, இல்லை. இரண்டாவதை முகர்கிறது, இல்லை. மூன்றாவதை முகராமலே பாய்ந்து ஓடுகிறது. இந்த வழி, அல்லது அந்த வழி, அல்லது அந்த மூன்றாவது வழி, முதல் இரண்டும் இல்லை, ஆகவே மூன்றாவது. நாய் உண்மையில் தருக்கம் செய்கிறதா என்ற கேள்விக்கு ஆசிரியர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. விலங்குகளுக்குப் பகுத்தறிவு இல்லை என்று பிடிவாதமாகச் சொன்ன ஸ்டோயிக் பள்ளியிலிருந்தே இந்த உதாரணம் வந்தது என்பதைச் சுட்டிக்காட்டி, கேட்பவரையே யோசிக்க விடுகிறார்.

"என்றால்" வாக்கியம் எப்போது உண்மை என்ற சண்டைக்கு ஒரு முழுப் பாடம். முதல் பகுதி உண்மையாகவும் இரண்டாம் பகுதி பொய்யாகவும் இருந்தால் மட்டுமே மொத்த வாக்கியம் பொய் என்றார் ஃபைலோ என்ற கிரேக்கத் தருக்கவியலாளர். அப்படிப் பார்த்தால் "பூமி பறக்கிறது என்றால் பூமி இருக்கிறது" உண்மை. போதாது, அப்படி ஒரு நிலை எக்காலத்திலும் வர வாய்ப்பே இருக்கக் கூடாது என்றார் அவருடைய ஆசிரியர் டயோடோரஸ். கூரை மேல் காகங்கள்கூட இதைப் பற்றித்தான் கரைகின்றன என்று கவிஞர் கலிமாக்கஸ் எழுதும் அளவுக்கு அன்று இது பெரிய பேச்சு. 20ஆம் நூற்றாண்டில் யான் லூகாசியேவிச் போன்ற தருக்கவியலாளர்கள் வந்து, இது அரிஸ்டாட்டிலின் மங்கிய நகல் இல்லை, தனியான வாக்கியத் தருக்கம் என்று காட்டும் வரை ஸ்டோயிக் தருக்கத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு மனம் கனத்தது. கிரைசிப்பஸ் எழுதியவை 705-க்கும் மேல் என்கிறார் தத்துவவாதிகளின் வரலாற்றை எழுதிய டயோஜினிஸ் லேயர்டியஸ். ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவரை எதிர்த்தவர்கள் மேற்கோள் காட்டியதால் பிழைத்தது. ஆசிரியர் ஒவ்வொரு முறையும் "இது யார் சொன்னது, அவர் நண்பரா எதிரியா" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். இந்த நேர்மையை நான் வேறு எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

அடுத்தது புலனறிவு. ஸீனோ கையை வைத்து விளக்கியதாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். விரித்த உள்ளங்கை, தோற்றம், அதாவது புலன்வழி மனதில் படுவது. விரல்கள் லேசாக மடங்கினால், அந்தத் தோற்றத்தை உண்மை என்று ஏற்று நாம் தரும் இசைவு. மூடிய முட்டி, உறுதியான பிடிப்பு. அந்த முட்டியை இடது கை இறுகப் பற்றினால் அறிவு. அது ஞானிக்கு மட்டுமே உரியது. தோற்றம் தானாக வந்து விழுகிறது, இசைவு நாம் கொடுப்பது. இந்த இடைவெளியில்தான் ஸ்டோயிக் சிந்தனை முழுவதும் நிற்கிறது.

என் வேலை விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் படித்துச் சரிபார்ப்பது. "லாரி வேகமாக வந்து இடித்தது" என்று சாட்சி எழுதியிருப்பார். விசாரித்தால் சத்தம் கேட்டுத்தான் அவர் திரும்பியிருப்பார். லாரி வந்ததைப் பார்த்தே இருக்க மாட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நொறுங்கிய காரைப் பார்த்தார், வேகம் என்பதற்கு அந்தக் கணமே இசைந்துவிட்டார். பார்த்தது எது, இசைந்தது எது என்று பிரிப்பதற்கு எங்கள் பயிற்சியில் ஒரு படிவம் உண்டு. ஆனால் ஏன் பிரிக்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

எதிர்த்தரப்பையும் இந்தத் தொடர் நன்றாகப் பேச விடுகிறது. உண்மையான தோற்றம் ஒவ்வொன்றுக்கும் அதே போன்ற பொய்த் தோற்றம் ஒன்று இருக்க முடியும் என்று, எதையும் உறுதியாக அறிய முடியாது என்ற பிளேட்டோவின் அகாடமியைச் சேர்ந்த ஆர்செசிலாஸும் பின்னால் கார்னியடிஸும் விடாமல் வாதிட்டார்கள்: இரட்டையர்கள், ஒரே மாதிரி முட்டைகள். அதற்கு ஸ்டோயிக் பக்கத்துப் பதில், இரண்டு பொருள்கள் முழுக்க ஒன்றாக இருப்பதே இல்லை, பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும் என்பது. டீலோஸ் தீவில் கோழி வளர்ப்பவர்கள் முட்டையைப் பார்த்தே எந்தக் கோழி இட்டது என்று சொல்வார்களாம். ஸ்ஃபேரஸ் என்ற ஸ்டோயிக்கின் முன் எகிப்து மன்னர் மெழுகு மாதுளைகளை வைத்த கதையும் வருகிறது. அவர் ஏமாந்து எடுக்கப் போனார், மன்னர் "பொய்த் தோற்றத்துக்கு இசைந்துவிட்டீர்" என்றார். "இவை மாதுளை என்பதற்கு நான் இசையவில்லை, மாதுளையாக இருப்பது நியாயம் என்பதற்குத்தான் இசைந்தேன்" என்றாராம் ஸ்ஃபேரஸ். கெட்டிக்காரப் பதில். ஆனால் ஆசிரியர் இதை வெற்றியாகச் சொல்லி முடிக்கிறார். எனக்கு அது பின்வாங்கலாகத்தான் தெரிகிறது. எதையும் நியாயம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றால் கார்னியடிஸுக்கும் அவருக்கும் என்ன தூரம்?

இவ்வளவையும் கேட்ட பிறகு வருவதால் ஒழுக்கப் பகுதி வேறு மாதிரி ஒலிக்கிறது. ரோமானிய எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ் சொல்லும் புயல் கதையில் அது தொடங்குகிறது. கப்பலில் எல்லோரையும் போல ஒரு ஸ்டோயிக் தத்துவவாதியும் முகம் வெளுத்துப் போகிறார். புயல் ஓய்ந்ததும், ஏன் பயந்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் பையிலிருந்து ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டீட்டஸின் உரைகளில் ஐந்தாம் நூலை எடுத்துக் காட்டுகிறார். இன்று நம்மிடம் நான்குதான் இருக்கின்றன; ஐந்தாவதின் இந்தப் பகுதி கெல்லியஸால்தான் மிஞ்சியது. திடீர்ச் சத்தத்தில் ஞானியும் நடுங்குவான், முகம் வெளுக்கும், அது அவன் வசத்தில் இல்லை. "இது பெரும் தீங்கு" என்பதற்கு இசையாமல் இருப்பதே அவன் வசத்தில் உள்ளது என்கிறது அது. ஸ்டோயிக் என்றால் கல் மனம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பாடத்தையாவது கேட்க வேண்டும்.

உடல்நலம், செல்வம் போன்றவை நல்லவை அல்ல, ஆனால் விரும்பித் தேர்ந்தெடுக்கத் தக்கவை என்ற பிரிவைச் சுருக்கமாகத் தாண்டிவிடுகிறார். பரவாயில்லை, அது எங்கும் கிடைக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். இயற்கையியலுக்கு ஒரே ஒரு பாடம். தோட்டத்தின் மண்ணையே விட்டதுபோல் இருக்கிறது. குறிப்பாக விதி. "குணமாவது விதி என்றால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாவாய்" என்ற சோம்பேறி வாதமும், மருத்துவரை அழைப்பதும் அதே விதியில் சேர்ந்ததுதான் என்ற கிரைசிப்பஸின் பதிலும் ஓரிரு நிமிடங்களில் போய்விடுகின்றன. உருளையைத் தள்ளுபவர் தொடக்கத்தைத் தருகிறார், உருள்வது உருளையின் வடிவத்தால் என்ற கிரைசிப்பஸின் உவமை இசைவை விளக்க மிகவும் தேவை. அது பேச்சோடு பேச்சாக வந்து போகிறது. இசைவு நம் வசம் என்று தொடர் முழுக்கச் சொல்லிவிட்டு, எல்லாம் விதி என்ற அதே பள்ளியின் கொள்கையோடு அது எப்படிப் பொருந்தும் என்று காட்டாமல் விடுவது சிறிய குறை இல்லை.

பயிற்சித் தாள்களின் விடைப் பகுதியும் ஏமாற்றம். சரி, தவறு என்று மட்டுமே போட்டிருக்கிறார்கள். எந்த வடிவம் மீறப்பட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் தனியாகப் படிப்பவருக்கு எவ்வளவோ உதவும். கேள்வி அனுப்ப ஒரு வழி இருக்கிறது, பதில் தாமதமாக வரும், ஆனால் வந்த பதில் ஒழுங்காக யோசித்து எழுதியதாக இருந்தது.

மன அமைதிக்கு உடனடி மருந்து தேடுபவர்கள் தருக்கப் பகுதியிலேயே எழுந்து போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்காக, தருக்கம் எதற்கு என்று கேட்டவரிடம் எபிக்டீட்டஸ் பேசியதை ஆசிரியர் நடுவில் வைத்திருக்கிறார். "பயன் உண்டு என்று நிரூபிக்கட்டுமா?" "நிரூபியுங்கள்." "நான் உன்னை ஏமாற்றினால் உனக்கு எப்படித் தெரியும்?" அந்த மனிதரிடம் பதில் இல்லை. வாங்குவதாக இருந்தால் ஒழுக்கப் பகுதியை மட்டும் தனியாக விற்கும் சிறிய தொகுப்பை வாங்காதீர்கள், முழுத் தொடரையும் எடுங்கள். "என்றால்" பற்றிய பாடத்தை நடந்துகொண்டே கேட்க முடியாது. தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.