கார்னருக்கு யார்: கணுக்கால் பிடிகாரரா, தொடைப்பிடிகாரரா?

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கபடி அணி கட்டும்போது பேச்செல்லாம் பாடிப் போகும் ரெய்டரைப் பற்றித்தான். கார்னரில், அதாவது தற்காப்பு வரிசையின் ஓரத்தில், யாரை நிறுத்துவது என்பது கடைசியில், அவசரத்தில் முடிவாகும். தோற்ற ஆட்டங்கள் பலவும் அங்கேதான் கைநழுவுகின்றன.

கணுக்கால் பிடிகாரருக்குத் தீனி போனஸ் கோடு. ஆண்கள் ஆடுகளத்தில் அது நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர். போனஸ், அதாவது கூடுதலாக ஒரு புள்ளி, எடுக்க ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றியிருக்க, மறுகால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். ரெய்டர் ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் ஊன்றிய காலைப் பிடித்தால் சாய்ந்துவிடுவார். சாய்ந்தவர் சும்மா கிடக்க மாட்டார். கையை நீட்டி விழுந்தால் நடுக்கோட்டுக்கு மிச்சம் இரண்டரை மீட்டர்தான். கவர் (கார்னருக்கு உட்புறம் நிற்கும் தற்காப்பாளர்) உடனே வந்து அமுக்காவிட்டால் இழுத்துக்கொண்டே போய்த் தொட்டுவிடுவார். கவர் தாமதமாக வந்து கை வைத்திருந்தால் இருவரும் அவுட்; போனஸ் போக இன்னும் இரண்டு புள்ளி போகும்.

அதனால் இவருக்கு ஜோடி, முட்டித் தள்ளத் தெரிந்த கவர். தள்ளும் திசைதான் முக்கியம்: நடுக்கோட்டுப் பக்கம் நின்று பக்கக் கோட்டை நோக்கித் தள்ள வேண்டும். பின்னாலிருந்து மோதினால் ரெய்டரை நாமே வீடு சேர்த்ததாகிவிடும். பாய்வதற்கு முன், பக்கத்து ஆளோடு சங்கிலியாகக் கோத்த கையை விடாமல் அவரையும் இழுத்து விழுவது, பழகாத அணிகளில் அடிக்கடி காணும் தப்பு.

தொடைப்பிடிகாரர் காத்திருப்பவர். ரெய்டர் திரும்பும் நேரம் பார்த்து இரு கைகளையும் தொடையில் கோத்து, தோளை இடுப்போடு ஒட்டித் தூக்கிவிட்டால் தனியாகவே நிறுத்தலாம். பலவீனம், கிட்டே வராத ரெய்டர். எட்டத்தில் நின்று கால்விரல் நீட்டித் தொட்டுவிட்டு ஓடுகிறவரிடம் இவர் தொடர்ந்து புள்ளி கொடுப்பார். இவருக்கு மோதுகிற கவர் வேண்டாம். திரும்பும் வழியை நெஞ்சால் மறித்து நிற்கும் கவர் போதும்.

ஆள் குறையும்போது கணக்கு மாறுகிறது. தற்காக்கும் அணியில் ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸே கிடையாது. ரெய்டர் கோட்டை நோக்கிக் கால் நீட்ட வேண்டியதில்லை. மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்று பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி. அந்த நேரத்தில் கவர் வெளியே உட்கார்ந்திருக்கக்கூடும், தொடைப்பிடிக்குத்தான் மதிப்பு.

மண்ணையும் பாருங்கள். இங்கே செம்புறாங்கல் சரளை கலந்த திடலில் நாலு முறை பாய்ந்தால் முழங்கை உரிந்துவிடும், ஐந்தாவது முறை உடம்பு தயங்கும். வெறுங்காலில் வியர்வையும் புழுதியும் சேர்ந்து பிடி வழுக்கும்; கணுக்கால் எலும்புக்கு மேலே பிடிக்க வேண்டும். சலித்த மண் இல்லாத திடல் என்றால் எங்கள் தேர்வு தொடைப்பிடிகாரர். மேட் (விரிப்பு) போட்ட களத்தில், அதுவும் ஒன்றாகப் பயிற்சி எடுத்த கவர் இருந்தால், கணுக்கால் பிடிகாரர்.

புரோ கபடியில் சுரேந்தர் நாடாவும் மோஹித் சில்லரும் யு மும்பா, பெங்களூரு புல்ஸ், ஹரியானா ஸ்டீலர்ஸ் என்று அணி மாறியபோதும் இரு கார்னர்களிலும் சேர்ந்தே நின்றார்கள். பழகிய ஜோடி என்ற அந்தக் கணக்கு ஊர் அணிக்கும் பொருந்தும்: போட்டிக்கு முதல் நாள் வெளியூரிலிருந்து ஒரு கார்னரை மட்டும் கூட்டிவருவதைவிட, கார்னரும் கவருமாக இரண்டு பேரை அழைத்து வாருங்கள்.