மானுடவியல் படிக்க இங்கிலாந்தா, ஜெர்மனியா? பாம்பன் கரையிலிருந்து ஒரு கணக்கு

நர்சிங், கேட்டரிங், மரைன் இன்ஜினியரிங் என்று பிள்ளைகள் கிளம்புகிற ஊர் எங்களுடையது. பண்பாட்டு மானுடவியல் படிக்க வெளிநாடு போகலாமா என்று கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஆனால் வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இங்கிலாந்தில் ஒரு வருஷ எம்.ஏ.வா, ஜெர்மனியில் இரண்டு வருஷ எம்.ஏ.வா? நான் ஜெர்மனி போனேன். என்னோடு மதுரையில் பி.ஏ. படித்த கீழக்கரைத் தோழி இங்கிலாந்து போனாள். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஜெர்மனிப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

பணக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். இங்கிலாந்தில் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கு எம்.ஏ. ஃபீஸ் மட்டும் 25,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். அதற்கு மேல் விசா போடும்போதே மருத்துவக் கட்டணம், வருஷத்துக்கு 776 பவுண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஃபீஸே கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோவோடு போய்விடும். முக்கியமான விலக்கு பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். 1962இல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் இருக்கிற ஹைடல்பெர்க் அந்த மாநிலத்தில்தான் வருகிறது, அதுதான் வயிற்றெரிச்சல். நவீன இந்திய ஆய்வு மையம் உள்ள கோட்டிங்கன் வேறு மாநிலம், அந்தக் கட்டணம் இல்லை.

ஜெர்மனி விசாவுக்கு ஒரு வருஷச் செலவை 'ப்ளாக்டு அக்கவுண்ட்'டில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. அது யாருக்கும் கட்டுகிற பணம் இல்லை, மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வருவது. இருந்தாலும் திரட்டுவது திரட்டுவதுதான். வங்கியில் கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். கடற்கரையில் பாதி வீடுகளுக்குப் பட்டாவே இல்லாத ஊரில் எதைக் கொண்டுபோய் வைப்பது? இங்கிலாந்தில் ஃபீஸுக்கு மட்டுமே ஆகிற ஏறக்குறைய முப்பது லட்சத்துக்கும் ஜெர்மனிக்கு முன்கூட்டியே காட்ட வேண்டிய பன்னிரண்டு லட்சத்துக்கும் உள்ள தூரத்தை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒன்று. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்பியிருக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகள் 2022இல் மாற்றிய விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு அதில் பணம் கிடையாது. சொந்தக் கரையைப் படிக்க நினைக்கிறவருக்கு அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

இனி இங்கிலாந்தின் நல்லதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தோழி சும்மா விடமாட்டாள். வாராவாரம் படிக்கக் கொடுக்கிற கட்டுரைகள், அதை வைத்து சிறு குழுவில் விவாதம், எழுதிக் கொடுத்தால் வரிக்கு வரி திருத்தித் தருகிற ஆசிரியர்கள். கோட்பாட்டில் நான் இரண்டு வருஷத்தில் படித்ததைவிட அவள் ஒரே வருஷத்தில் அதிகம் படித்துவிட்டாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜெர்மனியில் ஆசிரியருக்கு மெயில் போட்டுவிட்டு அவருடைய வாரச் சந்திப்பு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும், பக்கத்து சீட்டுக்காரர் ஜெர்மனில் சிரிக்கும்போது நாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இவையெல்லாம் இரண்டாம் பட்சம். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்கிற விஷயம் ஒன்றே ஒன்று, களப்பணிக்கு எத்தனை மாதம் கிடைக்கிறது, எந்த மாதங்கள் கிடைக்கின்றன என்பது. இந்தப் படிப்பில் களம் இல்லாவிட்டால் மிச்சமிருப்பது வாசிப்புதான். வேடிக்கை என்னவென்றால், ஓரிடத்தில் நெடுநாள் தங்கி, அவர்கள் பேச்சைப் பேசி, அவர்களோடு வாழ்ந்துதான் எழுத வேண்டும் என்ற வழக்கத்தை நிலைநாட்டியதே லண்டன்தான். முதல் உலகப்போர்க் காலத்தில் பப்புவா நியூ கினியை ஒட்டிய ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கிடந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி பிறகு பாடம் நடத்தியது லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில். அதே நாட்டின் ஒரு வருஷ எம்.ஏ.வில் களத்துக்கு நேரமே இல்லை. மார்ச் வரை வகுப்பு, பிறகு கட்டுரைகளும் தேர்வும், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ டிசர்ட்டேஷன் என்கிற ஆய்வேடு. நடுவில் எதிக்ஸ் அனுமதி, ஆபத்து மதிப்பீட்டுப் படிவம். எல்லாம் கையெழுத்தாகி ஊருக்கு விமானம் ஏற ஜூன் பிற்பாதி ஆகிவிடும். எழுதுவதற்கு ஒரு மாதம் வைத்துக்கொண்டால் களத்துக்கு நாலைந்து வாரம்.

அந்த நாலைந்து வாரத்தை எங்கள் கடலின் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அது முடிந்து ஊர் மூச்சுவிடுகிற நேரத்தில் நீங்கள் வந்து இறங்குகிறீர்கள். எல்லோருக்கும் வேலை, யாருக்கும் பேச நேரமில்லை. பின்னாலேயே ஆடிக் காற்று. தென்கடலான மன்னார் வளைகுடா புரளும், வடகடலான பாக் நீரிணை அமைதியாகக் கிடக்கும். வாடை அடிக்கத் தொடங்கினால் இது அப்படியே திரும்பும். ஒரு கடலை ஆண்கடல், மற்றதைப் பெண்கடல் என்று எங்கள் ஆட்கள் சொல்வதன் பொருள், இரண்டு காற்றையும் கரையில் இருந்து பார்க்காமல் பிடிபடாது.

நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கடல்பாசி எடுக்கிற பெண்களை. அங்கே நேரம் இன்னும் இறுக்கம். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று எந்தப் பாசியானாலும் கடல் வற்றுகிற நாட்களில்தான் எடுக்க முடியும். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், மாதத்தில் பாதிகூட வராது. நாலு வாரம் வந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே சுற்று. அதிலும் காற்று கெட்டால் ஒன்று.

சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, விரல் விரலாகச் சுற்றிய கிழிந்த துணி, கண்ணுக்குத் தண்ணீர்க் கண்ணாடி, இடுப்பில் சாக்குப்பை. இதை முதல் நாளிலேயே எழுதிவிடலாம், போட்டோவும் எடுக்கலாம். வாரக் கடைசியில் வருகிற பத்திரிகைக்காரரும் அதைத்தான் எடுத்துப் போகிறார். அவர்கள் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, அது எந்தக் கல்யாணத்துக்கு, எந்தப் பிரசவத்துக்குப் போனது, அந்தக் கடனுக்காக எடையில் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை யாரும் முதல் மாதத்தில் சொல்லமாட்டார்கள். பயமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. தீவோரம் போவது வனத்துறையோடு வம்பு. எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், இறங்கினேன் என்று நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறவளிடம் ஏன் சொல்ல வேண்டும்? நான் அதே ஊர்க்காரி, அதற்கே இந்த நிலை. வந்த புதிதில் சின்னம்மா முறை ஆகிற ஒருவர் கேட்டார்: "ஏத்தா, பேப்பர்க்காரனுக்குச் சொல்றதச் சொல்லவா, உள்ளதச் சொல்லவா?" உள்ளதைச் சொன்னது வாடைக்காற்று தொடங்கி, வருமானம் படுத்து, கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்த சமயத்தில்தான்.

ஜெர்மனியின் இரண்டு வருஷ அமைப்பு இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அக்டோபரில் சேர்கிறீர்கள். இரண்டாவது செமஸ்டரின் வகுப்புகள் ஜூலையில் முடிந்துவிடும். மூன்றாவது செமஸ்டரைக் களப்பணிக்கு விடுகிற துறையாகப் பார்த்துச் சேர்ந்திருந்தால் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஊரில் இருக்கலாம். ஆடிக் காற்றின் வாலும் வாடையின் தலையும் இரண்டும் கிடைக்கும். எல்லாத் துறையும் இப்படி விடுவதில்லை. சில இடங்களில் களப்பணி என்பது விடுமுறையில் செய்து முடிக்க வேண்டிய சிறு பயிற்சி மட்டுமே. பாடத்திட்டத்தில் களப்பணிக்கு எத்தனை கிரெடிட், எந்த செமஸ்டரில் என்று பார்த்த பிறகுதான் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் தங்கும் அனுமதி தானாகச் செத்துவிடும். கூடுதல் நாள் தேவையென்றால் கிளம்பும் முன்பே வெளிநாட்டார் அலுவலகத்தில் எழுத்தில் வாங்க வேண்டும். களப்பணி படிப்பின் பகுதிதான் என்று துறையிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் வேலை சுலபம். வீட்டு உரிமையாளர் சம்மதித்தால் அங்கே இருக்கிற அறையை அந்த மாதங்களுக்கு வேறொரு மாணவருக்கு உள்வாடகைக்கு விடலாம். மாதம் வருகிற 992 யூரோவில் பாம்பனில் அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால், படிப்பிலேயே செலவு குறைந்த காலம் அதுதான். இந்தியக் குடிமக்கள் என்பதால் நமக்கு இங்கே ஆய்வு விசா வேண்டாம் என்பதும் கூடவே வருகிற லாபம். என் வகுப்பு ஜெர்மன்காரர்கள் அதற்கு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சொந்த ஊரையே படிப்பது ஆய்வாகுமா என்று இரண்டு நாட்டிலும் கேட்பார்கள். மைசூர்க்காரரான மானுடவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1948இல் மைசூர்ப் பக்கத்து ராம்புராவில்தான் களப்பணி செய்தார் என்று சொன்னால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும்.

ஜெர்மனியின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருகிற ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். அதற்குக் காத்திருந்தே ஒரு சேர்க்கை போய்விடலாம், முதலில் அதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பகுதிநேர வேலைக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் அனுமதி உண்டு, ஆனால் ஜெர்மன் பேசாதவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிடங்கும் பாத்திரம் கழுவுவதும்தான். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். மானுடவியலுக்கு அங்கே வேலை இருக்கிறதா என்றால், இங்கிலாந்திலும் இல்லை என்பதுதான் பதில்.

அமெரிக்காவைப் பற்றி நான் அடித்துப் பேசமாட்டேன், அந்தப் பக்கம் விண்ணப்பித்ததே இல்லை. அங்கே நேராக பி.எச்டி.யில் சேர்ந்து உதவித்தொகையோடு படிக்கிறவர்கள் உண்டு என்பதும், தொல்லியல், உடல்சார் மானுடவியல் எல்லாவற்றையும் ஒரே துறைக்குள் சேர்த்துக் கற்பிக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு என்பதும் மட்டும் தெரியும். ஆறேழு வருஷம் கொடுக்கத் தயாராக இருப்பவர் அங்கே படித்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்பது நல்லது.

ஒரே ஒரு சூழ்நிலையில் நான் இங்கிலாந்து என்று சொல்வேன், பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை கிடைத்தால். ஃபீஸ், பயணம், மாதச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்போது மேலே சொன்ன பட்டாக் கணக்கு விழுந்துவிடும், களத்தை பி.எச்டி.க்குத் தள்ளிப்போடலாம். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் ஊர் திரும்பி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள், களம் பாம்பனிலேயே இருக்கிறவருக்கு அதில் நஷ்டம் இல்லை. இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். தொண்டு நிறுவனத்திலோ பள்ளியிலோ வேலை பார்க்கிறவர்கள் சம்பளச் சான்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடிவிடும்.