எங்க ஊர் டைவர்ஷன் ரோடு: ரெண்டரை ஸ்டார், அதுல கால் ஸ்டார் கொடி புடிச்ச தம்பியோடது

கணக்கு மொதல்ல சொல்லிடறேன். மொத தடவை போட்ட ரோட்டுக்கு ஒரு ஸ்டார், அதையே பேத்துட்டு ரெண்டாவது தடவை போட்டதுக்கு மூணரை, கூட்டி ரெண்டால வகுத்தா ரெண்டே கால் வருது, மிச்ச கால் ஸ்டார் வாய்க்கா வளைவுல ராத்திரி பூரா கொடி ஆட்டிட்டு நின்ன தம்பிக்கு. மிக்ஸி வாங்குனா ரிவ்யூ பாக்குறோம், பிரியாணி திங்கப் போனா ரிவ்யூ பாக்குறோம், தினம் ரெண்டு தடவை உசுர கையில புடிச்சிட்டு போன ரோட்டுக்கு ஒருத்தரும் எழுதலையேன்னு தான் உக்காந்தேன்.

இடம் எதுன்னா கும்பகோணத்துக்கு வடக்க, கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம். ஊர் பேரு வேணாம். விக்கிரவாண்டிலேர்ந்து தஞ்சாவூர் வரைக்கும் 165 கிலோமீட்டர் நாலு வழிச்சாலை, மூணு பேக்கேஜா பிரிச்சு வேலை நடந்துச்சே, அந்த ரோட்டால எங்களுக்கு வந்த கதை இது. அதுல சேத்தியாத்தோப்பு டு சோழபுரம் 50 கிலோமீட்டரை 2025 ஜூலை 26ந்தேதி பிரதமர் தொறந்து வச்சாரு, 2350 கோடிக்கு மேல செலவு, கொள்ளிடத்து மேல மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு நாலு வழிப் பாலம். 45 நிமிஷம் மிச்சம்னு சொன்னாங்க, எனக்கு அதுல சண்டையே கிடையாது. பழைய ஆளுங்களுக்கு அணக்கரை தெரியும்ல, வெள்ளக்கார இஞ்சினியர் ஆர்தர் காட்டன் துரை 1836ல கட்டுன கீழணை, அது மேல இருக்குற குறுகலான பாலத்துல கனரக வண்டிக்குத் தடை, லாரிக்காரன் எல்லாம் மதனத்தூர் நீலத்தநல்லூர் பாலம் வழியா சுத்துவான், நாம பாலத்து முனையில எதிர்த்தாப்ல வர்ற வண்டி காலியாகட்டும்னு இஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஆத்தப் பாத்துட்டு உக்காந்திருப்போம். அதெல்லாம் பட்டவங்களுக்கு புதுப் பாலத்துல நாலாவது கியர்ல போறப்ப ஒரு சந்தோசம் வரும், உண்மைதான், பெரிய ரோட்டுக்கு அஞ்சு ஸ்டார் தாராளமா குடுக்கலாம்.

நான் பேசுறது அந்தப் பெரிய ரோடு ரெடியாகுற வரைக்கும் அதோட பாரத்த சுமந்த சின்ன ரோட்டப் பத்தி.

எங்க ஊருக்குள்ள வர்றது ஒன்றியத்து ரோடு, மண்ணியாத்துலேர்ந்து பிரியுற வாய்க்கா கரையோட வளைஞ்சு வளைஞ்சு போகும். அகலம் 3.75 மீட்டர், அதாவது ஒத்த வண்டி ரோடு, டவுன் பஸ் வந்தா டூவீலரு எறங்கி நிக்கணும், அறுவடை சமயம் கதிர் அறுக்குற மிஷின் வந்தா பஸ்சு எறங்கி நிக்கணும். ஊர்ல அது ரோடு மட்டும் இல்ல, களம், நெல்லு காயப்போடுற எடம், சாயங்காலம் பெருசுங்க மதகு மேல உக்காந்து ஊர் நியாயம் பேசுற எடம். இதுல போய் மெயின் ரோட்ட எங்க ஊர்க்கிட்ட வெட்டிட்டு, அண்டர்பாஸ் வேலை முடியுற வரைக்கும் எல்லாரும் நாலு கிலோமீட்டர் இப்படிச் சுத்திப் போங்கன்னு அம்பு போட்ட போர்ட நட்டுட்டாங்க.

நட்டது செவ்வாக்கிழமை, ரோட்ட அகலப்படுத்த ஆள் வந்தது அதுக்கு அப்பறம் பதினெட்டு நாள் கழிச்சு. ஸ்டார் குறைஞ்சதுக்கு மொத காரணம் இதுதான். கல்யாணத்துக்கு ஆயிரம் பேரக் கூப்ட்டுட்டு பந்திக்கு எலை போட்டப்பறம் அரிசி வாங்க ஆள் அனுப்புன மாரி. அந்த பதினெட்டு நாள்ல ரெண்டு ஓரமும் சப்பி, தாருக்கும் மண்ணுக்கும் நடுவுல முக்கா அடி பள்ளம் விழுந்துடுச்சு, டூவீலர்ல போறவன் எதிர்ல லாரி வந்தா எறங்கவும் முடியாது எறங்குனா ஏறவும் முடியாது. எங்க தெரு பால்காரர் ரெண்டு தடவை கேனோட வாய்க்காவுல. நானும் ஒரு தடவை, மொழங்கை தோலு போயிடுச்சு, ஹெட்லைட்டுக்கு 850 ரூவா.

அப்பறம் வந்தாங்க. 3.75 மீட்டர 5.5 ஆக்குறோம்னாங்க, இதுக்கு இடைநிலை அகலம்னு பேரு, ரெண்டு வண்டி ஒதுங்கி ஒதுங்கி போயிக்கலாம், முழு ரெண்டு வழி வேணும்னா 7 மீட்டர் வேணும், அதுக்கு வாய்க்காவத்தான் தூக்கணும். சரி இதுவே பெருசுன்னு நெனச்சோம். ரெண்டு ஓரமும் லேசா சொரண்டி கிராவல் கொட்டி, ஜல்லி தூவி, ரோலர் நாலு ஓட்டு ஓட்டி, மேல தார் ஊத்தி நாலே நாள்ல முடிச்சிட்டாங்க. பாக்க அப்படி இருந்துச்சு, கருப்பா பளபளன்னு, பசங்க ஸ்கேட்டிங் கேட்டு அழுதுச்சுங்க.

எங்க மாமா ரோடு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சாயங்காலம் லுங்கிய மடிச்சு கட்டிட்டு வந்தாரு, ஒடஞ்ச குடையிலேர்ந்து புடுங்குன கம்பி ஒண்ணு கையில. ஓரத்துல குத்துனாரு, வெண்ணைல எறங்குன மாரி எறங்குச்சு. வெளிய எடுத்து நகத்தால அடையாளம் வச்சு காமிச்சாரு, தாரு ஒரு வெரக்கடை, அதுக்கு கீழ ஜல்லி ஒரு கை உசரம், அதுக்கும் கீழ நம்ம ஊரு களிமண்ணு. "மாப்ள, இது வாசல்ல போட்ட கோலம்டா. அழகாத்தான் இருக்கு, நாலு பேரு மிதிக்கிற வரைக்கும் இருக்கும்" அப்டின்னாரு. பக்கத்துல நின்ன சூப்பர்வைசர் பையன் "சார் டெம்பரவரி தானே சார்" அப்டின்னான். மாமா சொன்னாரு "தம்பி, டெம்பரவரி ரோட்டுல போற லாரி டெம்பரவரி லாரி இல்லப்பா".

அதுக்கு அவரு சொன்ன கணக்கு எனக்கு ரொம்ப நாளா மண்டைல ஓடுச்சு, அதனால எழுதுறேன். அமெரிக்காவுல இல்லினாய்ஸ் பக்கம் 1958லேர்ந்து 1960 வரைக்கும் லாரிங்கள ரவுண்டு ரவுண்டா ஓட்டி ரோடு எப்படி ஒடையுதுன்னு டெஸ்ட் பண்ணிருக்காங்க, அதுலேர்ந்து வந்த விதி என்னன்னா ஆக்சில் மேல, அதாவது ரெண்டு பக்க சக்கரத்தையும் சேக்குற அச்சு மேல, எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு சேதம் ரெண்டு மடங்கு இல்ல, பதினாறு மடங்கு, சுமாரா நாலாவது படி கணக்கு. ஒரு காரோட ஆக்சில் அரை டன்னுன்னு வச்சுக்கங்க, லோடு லாரி ஆக்சில் பத்து டன்னு, இருபது மடங்கு, இருபத நாலு தடவை பெருக்குனா 1,60,000. அதாவது அந்த லாரி ஆக்சில் ஒரு தடவை போறதும் கார் ஆக்சில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் தடவை போறதும் ரோட்டுக்கு ஒண்ணு. போதாததுக்கு 2018ல நாலு டயர் வச்ச ஒத்த ஆக்சிலுக்கு அனுமதி எடைய 10.2 டன்னுலேர்ந்து 11.5 டன்னா ஏத்துனாங்க, அதுவும் சட்டப்படி ஏத்துற லோடு, மண்ணு டிப்பர் எவன் தராசு வச்சு ஏத்துறான். இதுல வேடிக்கை என்னன்னா எங்க ரோட்ட அதிகமா ஒடச்சது வெளியூர் லாரி இல்ல, அந்த நாலுவழிச்சாலைக்கே மண்ணு அடிச்ச டிப்பருங்கதான்.

நாப்பத்தோரு நாள் தாங்குச்சு, சபரிமலை விரதக் கணக்குல சரியா ஒரு மண்டலம். மேட்டூர் ஜூன் 12 தொறந்து, குறுவைக்கு தண்ணி வாய்க்காவுல வந்து, கரை நனைஞ்சு அடிமண்ணு ஊறுனதும் ரோடு தோச மாரி பொரண்டுச்சு. மதகுகிட்ட தான் கொடுமை. அங்க பழைய குழாப் பாலம், ரெண்டு சிமெண்ட் குழா, மேல தார அகலமாக்குனவங்க கீழ குழாய நீட்டவே இல்ல, அப்ப ரோடு 5.5 மீட்டர், பாலம் பழைய 3.75. ராத்திரில எவனுக்குத் தெரியும். ஒரு செங்கல் லோடு லாரி, பின் சக்கரம் ரெண்டும் அந்த ஓரத்துல எறங்கி, குழா ஒண்ணு நசுங்கி, தண்ணி போக வழியில்லாம கரைய ஒடச்சுட்டு எங்க சித்தப்பா நாத்தங்கால்ல பூந்துச்சு. டிரைவருக்கு ஒண்ணும் ஆவல. நாத்து போச்சு. காலைல சித்தப்பா வரப்புல நின்னு யாரையும் திட்டல, லாரிக்காரனுக்கு வீட்டுலேர்ந்து காப்பித்தண்ணி கொண்டாந்து குடுத்தாரு, "நீ என்ன பண்ணுவ, ரோடு இருக்குன்னு நம்பித்தானே வந்த" அப்டின்னாரு.

அதுக்கப்பறம் மறியல், ஆபீசருங்க ஜீப்பு, பேச்சுவார்த்தை எல்லாம் வழக்கம் போல, அத விடுங்க.

ரெண்டாவது தடவை வந்தது வேற டீம். இத நான் மனசார பாராட்டணும். மொத வேலையா குழாய எடுத்துட்டு பாக்ஸ் கல்வெர்ட்டு, அதாவது பெட்டி மாரி கான்கிரீட் சின்னப் பாலம், போட்டாங்க, ரோட்ட விட அகலமா, ரெண்டு பக்கமும் கைப்புடி சுவரு வச்சு. அது காயுற வரைக்கும் லாரிய எங்க ரோட்டுல விடவே இல்ல, கார் டூவீலர் மட்டும். அப்பறம் ஓரத்து களிமண்ண மொழங்கால் ஆழத்துக்கு தோண்டி எடுத்து, கிராவல் ஒரு அடுக்கு, வெட்மிக்ஸ்னு ஜல்லியும் தூளும் தண்ணியோட கலந்தது கால் மீட்டர் கனத்துக்கு தண்ணி ஊத்தி ஊத்தி ரோலர் போட்டு, அதுக்கு மேல ரெண்டு அடுக்கு தாரு. நடுவுல கொஞ்சம் ஒசத்தி ரெண்டு பக்கமும் சரிவா வாட்டம் விட்டாங்க, மழ பேஞ்சா தண்ணி நிக்காம எறங்கிடும். எனக்கு ரொம்ப புடிச்சது ஓரம். தாருக்கு வெளிய ஒரு மீட்டர் கிராவல் கொட்டி தாரோட சமமா அமுக்கி விட்டாங்க, லாரி வந்தா பயப்படாம எறங்கி நிக்கலாம். ரோடு நல்லாருக்கான்னு எல்லாரும் நடுவுல பாப்பாங்க, டூவீலர்ல போறவனுக்கு ஓரத்துலதான் உசுரு இருக்கு. மாமா கம்பிய கொண்டாந்து குத்திப் பாத்தாரு, கம்பி வளைஞ்சிடுச்சு, ஒண்ணும் பேசாம வீட்டுக்குப் போயிட்டாரு, அவரு குடுத்த அஞ்சு ஸ்டார் அது.

அப்ப ஏன் மூணரை? மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு தூசி, கிராவல் ஓரம் போட்டுட்டு தண்ணி வண்டி காலைல ஒரு தடவை தான், மத்தியானத்துக்கு மேல தெருவுல துணி காயப்போட முடியாது, பள்ளிக்கூடப் புள்ளைங்க கர்ச்சீப்பு கட்டிட்டு போச்சுங்க. அடுத்து ஸ்பீடு பிரேக்கர். ரோடு நல்லானதும் வண்டிங்க பறந்துச்சு, ஊர்க்காரனுங்க நாமளே போட்டுக்கலாம்னு ஜல்லியும் தாரும் கேட்டு வாங்கி போட்டுட்டாங்க, ஒரு முழம் அகலம், ஒரு ஜாண் ஒசரம், அது பிரேக்கர் இல்ல, திண்ணை. முறைப்படி 3.7 மீட்டர் அகலத்துக்கு மெதுவா ஏறி 10 சென்டிமீட்டர் ஒசரத்துல மெதுவா எறங்கணும்னு இந்திய சாலை காங்கிரஸ்னு, கட்சி இல்ல, ரோட்டுக்கு அளவு சொல்ற அமைப்பு, அளவே போட்டு வச்சிருக்கு. எங்க திண்ணைய 108 ஆம்புலன்ஸ் தாண்டுறப்ப உள்ள இருக்கறவங்க நெலமைய நெனச்சுப் பாருங்க. தப்பு எங்க ஊர் மேலதான், ஆனா கேட்டதும் ஜல்லிய குடுத்த ஆளு சொல்லிருக்கலாம்ல.

மூணாவது போர்டு. வேலை நடக்குற எடத்துல டிராபிக்க எப்படித் திருப்பணும்னு அதே சாலை காங்கிரஸ் தனியா ஒரு கைடே போட்டிருக்கு, 55ம் நம்பர், ரொம்ப முன்னாடியே எச்சரிக்கை, அப்பறம் மெதுவா ஒதுக்கி விடுறது, அப்பறம் வேலை நடக்குற எடம், முடிஞ்சதும் திரும்ப சேத்து விடுறது, இவ்ளோதான் சங்கதி. எங்க ஊர்ல மொத போர்டே வெட்டுன எடத்துலதான் இருந்துச்சு. ராத்திரி மின்னுற ஸ்டிக்கர் மேல யாரோ காதணி விழா போஸ்டர் ஒட்டிட்டாங்க.

அந்தக் கொறைய சரிக்கட்டுனவன்தான் அந்தத் தம்பி. வடக்கேர்ந்து வந்த பையன், இருபது வயசு இருக்கும், பச்ச சட்டை மாரி ஒரு மின்னுற கோட்டு, கையில ஒரு செவப்பு கொடி, ஒரு பச்சைக் கொடி, ராத்திரில டார்ச்சு. வாய்க்கா வளைவுல ஒரு பக்கத்துலேர்ந்து வர்றது மறுபக்கத்துக்குத் தெரியாது. அவன் ஒருத்தன் தான் ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டே இருப்பான். தமிழ் வராது, ரெண்டு மாசத்துல "அண்ணே நில்லு", "அக்கா போ", "பெரிசு சாப்ட்டியா" வரைக்கும் வந்துடுச்சு. எங்க அம்மா வேலைக்குப் போயிட்டு கடைசி பஸ்சுல எறங்கி வரும், வளைவு தாண்டுற வரைக்கும் லாரிய எல்லாம் நிறுத்தி வச்சு டார்ச்ச அது காலுக்கு முன்னாடி அடிச்சுக்கிட்டே இருப்பான். ஐப்பசி மழைல ஒரு நாள் குடை கூட இல்லாம உரச்சாக்க தலைல கவுத்துட்டு நின்னான். அண்டர்பாஸ் தொறந்த அன்னிக்கு சொல்லிக்காம கொள்ளாம வேற சைட்டுக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்க, அம்மா அவனுக்குன்னு எடுத்து வச்ச தீபாவளி சட்டை அப்டியே பீரோல கெடக்கு.

இப்ப வண்டியெல்லாம் மேல போகுது. எங்க ரோடு எங்களுக்கே திரும்பி வந்துடுச்சு, முன்ன விட அகலமா, டவுன் பஸ்சும் டிராக்டரும் ஒண்ண ஒண்ணு தாண்டிப் போகுது. இந்த சம்பாவுல நெல்லு காயப்போட்டப்ப எடத்துக்கு சண்டையே வரல. டைவர்ஷனுக்காக போட்ட ரோடுன்னா முடிஞ்சதும் அம்போன்னு விட்டுருவாங்கன்னு நெனச்சோம், கல்வெர்ட்டு நிக்குது, ஓரம் மட்டும் ரெண்டு எடத்துல லேசா அரிக்க ஆரம்பிச்சிருக்கு, மாமா பாத்துட்டு வந்தாரு.

ஒண்ணே ஒண்ணு, அந்த அம்பு போட்ட போர்ட மட்டும் இன்னும் எடுக்கல. ரெண்டு தடவை போய் சொல்லியாச்சு. போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு டிரெய்லரு, இரும்புக் கம்பி லோடு, போர்ட நம்பி உள்ள வந்து அந்த திண்ணை பிரேக்கர்ல நடு வயிறு மாட்டி நின்னுடுச்சு. தெருவே எழுந்து போய் கடப்பாரையால அத ஒடச்சுத்தான் அனுப்பி வச்சோம். டிரைவர் கேட்டாரு, "ஏங்க, கும்பகோணம் இப்படித்தானே?"