ஸ்பானியருக்கு ஆங்கிலம்: அரசுப் பள்ளியா, ஆப்பா, டப்பிங் இல்லாத படமா?

சாக்லெட் என்ற சொல்லை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் எழுதிப் பாருங்கள், ஓர் எழுத்துகூட மாறாது. வாயைத் திறந்தால் ஸ்பானியருக்கு அது 'சோ-கோ-லா-தே', நாலு அசை. ஆங்கிலேயர் அதை இரண்டு அசையில், மிஞ்சினால் மூன்றில், விழுங்கிவிடுவார். ஸ்பெயின்காரர்கள் ஆங்கிலத்தோடு படும் பாடு இதுதான்: படித்தால் புரிகிறது, காதில் விழுந்தால் புரிவதில்லை. அதனால் எந்த வழியில் கற்பது என்று வந்தால், அது காதைப் பழக்குகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

ஸ்பெயினில் அரசு நடத்தும் மொழிப்பள்ளிகள் உண்டு. முதல் பள்ளி 1911இல் மாட்ரிட்டில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க இருக்கின்றன. தனியார் அகாடமியோடு ஒப்பிட்டால் கட்டணம் சொற்பம். இலக்கணத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஸ்பானிய மொழியில் வினையின் விகுதியே ஆள் யாரென்று காட்டிவிடும், 'வந்தேன்' என்றால் நமக்குத் தனியாக 'நான்' வேண்டாம் என்பது போல. அந்தப் பழக்கத்தில் மழை பெய்வதை எழுவாயே இல்லாமல் 'இஸ் ரெயினிங்' என்பார்கள். வயதைக் கேட்டால் 'ஐ ஹேவ் ட்வென்ட்டி இயர்ஸ்'. ஸ்பானிய மொழியில் வயது என்பது ஒருவரிடம் 'இருக்கும்' பொருள்! இதையெல்லாம் சிவப்பு மையில் சுழிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். இங்கே வாங்கும் சான்றிதழுக்கு அரசு வேலைப் போட்டிகளிலும் மதிப்பு உண்டு. ஆனால் பெரிய நகரங்களில் இடம் கிடைப்பது லேசில்லை. கிடைத்தாலும், நிறைந்த வகுப்பில் ஒருவர் வாய் திறக்கச் சில நிமிடங்கள்தான்.

அடுத்தது மொழி கற்றுத்தரும் ஆப்பான டுவோலிங்கோ. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான லூயிஸ் வான் ஆன் குவாத்தமாலாவில் பிறந்தவர். அமெரிக்காவில் படிக்க டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டியிருந்தபோது, உள்ளூரில் இடம் தீர்ந்துபோய், எல் சால்வடோர் வரை போய் எழுதிவிட்டு வந்தவர். 2012இல் எல்லோருக்கும் திறந்த அந்த ஆப்பைக் காசில்லாமலே பயன்படுத்தலாம் என்பது பெரிய விஷயம். சரி, அது அதிகம் தருவது என்ன? சொற்கள். ஸ்பானியரிடம் ஏற்கெனவே மலிந்து கிடப்பதும் அதுதான். 'நாசியோன்' தெரிந்தவருக்கு 'நேஷன்' தெரியாதா? பொறி வைக்கும் சொற்கள் சில உண்டு: 'எம்பராசாதா' என்றால் கர்ப்பிணி, சங்கடப்பட்டவர் அல்ல, 'கார்பெத்தா' கம்பளம் அல்ல, ஃபைல் அட்டை. இவற்றைத் தாண்ட ஒரு மாலைப்பொழுது போதும்.

இனி காதுக்கு வருவோம். 1941இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு, வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிய மொழியில் டப் செய்தே காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்தக் கட்டாயம் சில ஆண்டுகளில் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பக்கத்துப் போர்ச்சுகலில் சப்டைட்டில்தான். அங்கே சின்ன வயதிலிருந்தே காதில் ஆங்கிலம் விழுகிறது. ஸ்பானிய மொழியின் உயிரொலிகள் வெறும் ஐந்து. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இருபது. 'ஷிப்', 'ஷீப்' இரண்டும் அவர்களுக்கு ஒன்றே. இகரமும் ஈகாரமும் பிரித்துப் பழகிய நாம் இதில் தப்பிக்கிறோம். ரொம்பச் சிரிக்க வேண்டாம், நம்மூர் 'இஸ்கூல்' அங்கே 'எஸ்கூல்'.

எனவே என் ஓட்டு மூலமொழிப் படங்களுக்கு. சப்டைட்டிலும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் இருந்தால் கண் படிக்கும், காது தூங்கும். பார்த்த காட்சியையே மறுபடி போட்டு, கூடவே சொல்லிப் பார்க்க வேண்டும். இதன் குறை வெளிப்படை: திருத்த ஆளில்லை, பதில் பேசவும் ஆளில்லை.

அதற்கு ஸ்பெயினிலேயே ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு, வான்டவுன் என்று பெயர். ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு ஒதுக்குப்புறமான ஹோட்டலில் சாப்பாடும் தங்கலும் இலவசம். பதிலுக்குக் காலை முதல் இரவு வரை ஸ்பானியரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். காசு கட்டுவது ஸ்பானியர் தரப்பு. பர்ஸ் தாங்குமென்றால், ஆறு மாதம் படம் பார்த்துக் காதைத் தீட்டிவிட்டு அங்கே போகலாம். சான்றிதழ் தேவைப்படுகிறவருக்கு மட்டும் வேறு வழியில்லை, அரசுப் பள்ளியில் இடம் பிடித்தே ஆக வேண்டும். ஆப்பை மெட்ரோவுக்குக் காத்திருக்கும்போது திறந்துகொள்ளலாம்.