டர்பன் மழையில் மூன்று வருடம், 54,000 கிலோமீட்டர்: என் டயர் அனுபவம்

சாட்ஸ்வொர்த்தில் வீடு. வேலை விஷயமாக வாரத்தில் இரண்டு நாள் என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வருகிறேன். இந்த வழியில் கோடையில்தான் மழை. லாரிகள் ஓடி ஓடி இடதுபக்கத் தடத்தில் சக்கரப் பள்ளம் விழுந்திருக்கும், அதில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

இப்போதைய டயருக்கு முன்பு போட்டிருந்ததில் பட்டன் (ரோட்டைத் தொடும் பக்கத்தில் உள்ள பள்ளங்களின் ஆழம்) 2 மிமீக்கும் கொஞ்சம் குறைவு. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 1 மிமீ இருந்தால் போதும் என்பதால், "இன்னும் ஓடும்" என்றார்கள் கடையில். நானும் நம்பினேன். ஒரு நவம்பர் மாலை, கேட்டோ ரிட்ஜ் தாண்டி இறங்கி வரும்போது மழை. வேகம் 100. திடீரென்று ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது. எஞ்சின் இரைச்சல் ஏறியது, ரோட்டுச் சத்தம் நின்றுபோனது. பின்சீட்டில் அம்மா இருந்தார். பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தேன். இரண்டு விநாடி இருக்கும், வண்டி ஒரு சின்ன உதறலோடு ரோட்டைப் பிடித்தது. அன்று பிரேக்கை அழுத்தியிருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்கூட உதவியிருக்காது. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் அதற்குப் பிடிக்க எதுவுமில்லை.

மறுவாரமே நான்கையும் மாற்றினேன். புதிதில் பட்டன் 8 மிமீ. முதல் இரண்டு வருடம் மழையில் 90இல் போனாலும் வண்டி அசையாது. போன கோடையில் 4 மிமீக்குக் கீழே இறங்கியதும், அதே தேங்கிய தண்ணீரில் அந்த லேசான உணர்வு திரும்பி வந்தது. காய்ந்த ரோட்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறோம். இப்போது மழையென்றால் 80, முன்னால் போகும் வண்டியின் சக்கரத் தடத்திலேயே என் சக்கரமும். க்ரூஸ் கன்ட்ரோல் போடுவதே இல்லை.

காற்று விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். என் வண்டிக்குக் காற்றழுத்தம் 220 கேபிஏ (கிலோபாஸ்கல்), கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. ஒருமுறை ஆணி குத்தி, பின்டயர் ஒன்று 170க்கு இறங்கியது தெரியாமல் மழையில் போய்விட்டேன், வளைவில் வால்பக்கம் அலைந்தது. காற்று குறைந்தால் தண்ணீர் டயருக்கடியில் சுலபமாகப் புகும். அதிலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன்பே காற்றை நானே பார்த்துவிடுகிறேன்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் சரி. முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

நேற்று அளந்தேன், 3 மிமீ. இந்த முறையும் கடையில் "இன்னும் ஓடும்" என்கிறார்கள். சனிக்கிழமை நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.