மார்மன் கைவண்டி: ஐந்து கோடை இழுத்த பிறகு

ஐந்து வருடத்துக்கு முன்பு யூட்டாவில் ஒரு சின்னத் தச்சுப் பட்டறையில் இதை வாங்கினேன். 1856இல் மார்மன்கள் என்ற அமெரிக்க மதப் பிரிவினர் அயோவா சிட்டியிலிருந்து சால்ட் லேக் சிட்டி வரை, சுமார் 1,300 மைல், இழுத்து வந்தார்களே, அதே அமைப்பு. நெஞ்சுயரத்துக்கு இரண்டு மரச்சக்கரம், நடுவில் பெட்டி, முன்னால் குறுக்குக் கட்டை. ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளோடு நடைப்பயணத்துக்கு எடுத்துப் போகிறேன்.

சமதரையில் குறையே சொல்ல முடியாது. இரண்டு பேர் இழுத்து இரண்டு பேர் தள்ளினால் 100 கிலோ பாரம் தெரிவதில்லை. பாரம் அச்சுக்கு நேர்மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1856 பயணத்தில் பெரியவர் ஒருவருக்கு அனுமதித்த சுமை 17 பவுண்டு. துணி, படுக்கை, பாத்திரம் எல்லாம் எட்டு கிலோவுக்குள். எங்கள் பிள்ளைகளுக்கும் அதே கணக்கு வைத்தேன். கிளம்புவதற்கு முன்பே அழுகை!

இரண்டாம் கோடையில் சக்கரம் முனக ஆரம்பித்தது. ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் ஆடின, இரும்புப் பட்டை நழுவியது. விற்றவர் சரியாகக் காயாத மரத்தைப் போட்டிருக்கிறார்; இங்குள்ள வறண்ட காற்றில் அது சுருங்கிவிட்டது. கேட்டால், "பழைய முறைப்படி செய்ததுங்க" என்றார். அதுவும் பொய்யில்லை! 1856இல் அயோவா சிட்டியில் வந்திறங்கியவர்களுக்கு வண்டி போதாமல், அவசரத்தில் பச்சை மரத்தில்தான் பல வண்டிகளைச் செய்தார்கள். வழியில் சுருங்கி உடைந்தன. மர அச்சை மணல் அரித்தது. பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் தடவி ஓட்டினார்கள்.

அந்த வருடம் கடைசியாகக் கிளம்பிய வில்லி, மார்ட்டின் கைவண்டிக் குழுக்கள் இப்படி வண்டிக்குக் காத்திருந்ததாலேயே ஏற்கெனவே தாமதம். வழியில் நெப்ராஸ்காவின் ஃப்ளாரன்ஸில், வில்லி குழுவின் துணைத் தலைவர்களில் ஒருவரான லீவை சாவேஜ் குளிர்காலத்தை இங்கேயே கழிப்போம் என்று எச்சரித்தும் பெரும்பாலோர் கேட்கவில்லை. அக்டோபர் 19இல் இன்றைய வயோமிங்கில் பனிப்புயல். சால்ட் லேக்கிலிருந்து மீட்பு வண்டிகள் வந்தும் இரண்டு குழுக்களிலும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆனால் வண்டியே தப்பு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே வருடம் ஜூனில் கிளம்பிய குழுக்கள் அவ்வளவு சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. 1860 வரை பத்துக் குழுக்களில் ஏறக்குறைய 3,000 பேர் இப்படி நடந்திருக்கிறார்கள்.

நன்றாக உலர்ந்த ஓக் மரத்தில் புதுச் சக்கரம் போட்டேன். அப்புறம் மூன்று கோடை, ஒரு பிரச்சினையும் இல்லை. வாங்குபவர்கள் மரம் எத்தனை மாதம் காய்ந்தது என்று முதலில் கேளுங்கள். பிரேக் கிடையாது. இறக்கத்தில் பின்னாலிருந்து பிடிக்க நல்ல கயிறு ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.